வீட்டு மேப்பிள் மரத்தில் பாகு காய்ச்சுவது எப்படி?

ஒன்ராறியோவில் எங்கள் கொல்லையில் நிற்கும் ஒரே சுகர் மேப்பிளில் போன மார்ச்சில் முதன்முறையாகச் சாறு இறக்கினேன். 38 லிட்டர் சாறு, பாகு ஒரு லிட்டருக்கும் குறைவு. சாற்றில் சர்க்கரை 2 சதவீதம்தான் என்பதால் அவ்வளவுதான் வரும்.

இரவில் உறைந்து பகலில் பூஜ்யத்துக்கு மேல் ஏறும் நாட்களே பருவம். அடிமரம் 30 செ.மீ. தடிமன் இருக்கட்டும். 8 மி.மீ. துளை, 4 செ.மீ. ஆழம், உள்ளே போகப்போக லேசாக மேலேறினால்தான் சாறு வெளியே வழியும். குழாயைச் செருகி வாளியை மாட்டுங்கள். தகர வாளி புகைப்படத்துக்கு அழகு, ஆனால் என் ஓட்டு, மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்கே. சாறு பால் மாதிரி, வெயில் பட்டால் கெட்டுவிடும்.

காலையில் மேலே மிதக்கும் ஐஸை எடுத்து எறியுங்கள். அது பெரும்பாலும் வெறும் தண்ணீர். சர்க்கரை கீழே தங்கிவிடும். ஐரோப்பியர் இரும்புச் சட்டியோடு வருவதற்கு முன்பே இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் பிர்ச் மரப்பட்டைப் பாத்திரங்களில் செய்துவந்த வேலை இது. சுட்ட கற்களைப் போட்டும் வற்றவைத்தார்கள்.

அடுப்பு வெளியேதான். இத்தனை ஆவியைச் சமையலறை தாங்காது. அகலமான தட்டைப் பாத்திரம் வேண்டும். ஆழமான அண்டா வேண்டவே வேண்டாம். பொங்கினால் துளி வெண்ணெய்.

நான் கோட்டைவிட்டது பதத்தில். அம்மா கைப்பழக்கத்தில் விரலிடுக்கில் கம்பி இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்... கம்பி நன்றாக வந்தபோது சந்தோஷப்பட்டேன். இரண்டு வாரத்தில் பாட்டிலடியில் கற்கண்டு! (அனிஷினாபே மக்கள் வருடம் முழுக்கக் கெடாமலிருக்க வேண்டுமென்றே சர்க்கரையாகக் கிளறினார்கள். நான் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.)

சரியான பதம், தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 டிகிரி செல்சியஸ் அதிகம். 104 என்று மனப்பாடம் செய்யாதீர்கள். காற்றழுத்தத்தோடு கொதிநிலையும் மாறும், அதனால் அன்றைக்கே தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பாருங்கள். என் வெப்பமானி 99 காட்டியது. ஆக, நிறுத்த வேண்டியது 103இல். அப்புறம் சூட்டோடு கெட்டிக் கம்பளித் துணியில் வடிகட்டுங்கள். ஆறினால் இறங்காது.

பின்சேர்க்கை: பாகில் ஒரு வாடை வருகிறது என்று இருவர் எழுதியிருந்தீர்கள். மொட்டு விரியத் தொடங்கியபின் எடுத்த சாறு அது. அப்போதே குழாயைப் பிடுங்கிவிடுங்கள். துளையை அடைக்க வேண்டாம், மரமே மூடிக்கொள்ளும்.