பெயரை ருசிக்காதீர்கள்: பிரபலங்களின் ரை விஸ்கியை மதிப்பிடும்போது நேரும் தவறுகள்

2024-இல் பாடகி பியான்சே, மது நிறுவனமான மோயே ஹென்னசியோடு சேர்ந்து ‘சர்டேவிஸ்’ என்ற ரை விஸ்கியை, அதாவது ரை என்ற தானியத்தில் காய்ச்சிய விஸ்கியை, கொண்டுவந்தார். பெயர் அவருடைய கொள்ளுத்தாத்தா டேவிஸ் ஹோக்கின் நினைவாக வைத்தது. அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் அவர் கள்ளத்தனமாகச் சரக்கு காய்ச்சி, மரப்பொந்துகளில் பாட்டில்களை ஒளித்துவைத்தார் என்பது நிறுவனம் சொல்லும் கதை. நல்ல கதைதான். சிக்கல் என்னவென்றால், இதைக் கேட்டுவிட்டுக் கிளாஸை எடுப்பவர் பாதி ருசியைக் காதாலேயே குடித்து முடித்திருப்பார்.

இது ரசிகர்களின் பலவீனம் மட்டுமல்ல. ‘பாட்டுக்காரருக்கு விஸ்கியைப் பற்றி என்ன தெரியும்’ என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மோந்து பார்ப்பவரும் பெயரைத்தான் ருசிக்கிறார். முன்னவர் இல்லாத தேனைக் கண்டுபிடிப்பார்; பின்னவர் இல்லாத குறையைக் கண்டுபிடிப்பார். என் அனுபவத்தில் இரண்டாம் வகைதான் அதிக ஆபத்து, ஏனென்றால் அவருக்குத் தன் நாக்கின்மேல் சந்தேகமே வராது.

2008-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும், இன்னொருமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று கேட்டவுடன் பிடித்துப்போனது. மூளையை ஸ்கேன் செய்து பார்த்தால், இன்பத்தைப் பதிவுசெய்யும் பகுதியும் கூடுதலாக வேலை செய்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் ருசித்தது. ‘நான் பெயருக்கெல்லாம் மயங்கமாட்டேன்’ என்ற உறுதிமொழியால் பயன் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. பாட்டிலை மறைப்பது ஒன்றே வழி.

மறைப்பதிலும் அரைகுறை வேலை உண்டு. ஒரே ஒரு கிளாஸை மறைத்து ஊற்றி ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்பது கண்ணாமூச்சி விளையாட்டுதான். மூன்று கிளாஸ் வேண்டும். இரண்டில் ஒரே விஸ்கி, மூன்றாவதில் வேறு. ஊற்றுபவர் வேறொருவர், எண்கள் கிளாஸின் அடியில். எது தனியானது என்பதையே உங்களால் பிரிக்க முடியவில்லை என்றால், அந்த இரண்டுக்கும் நீங்கள் தரும் 85, 91 என்ற மதிப்பெண்களுக்கு அர்த்தம் இல்லை. நான் முதன்முதலில் இதைச் செய்தபோது மூன்று சுற்றில் இரண்டில் தோற்றேன். அதற்குமுன் எழுதிவைத்த குறிப்புகளைத் திருப்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

இன்னொன்று: வீரியம், அதாவது சாராயச் சதவீதம், சமமாக இருக்க வேண்டும். சர்டேவிஸ் 44 சதவீதம், பாடகர் பாப் டிலனின் ‘ஹெவன்ஸ் டோர்’ ரை 46, லேபிளில் ‘பாட்டில்டு இன் பாண்ட்’ என்ற அமெரிக்கச் சட்ட முத்திரை போட்டிருக்கும் எதுவும் 50. இவற்றை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வீரியம் கூடியது பெரும்பாலும் ‘ஆழமானது’ போலத் தோன்றும். 50 சதவீத விஸ்கி 20 மில்லியில் ஏறக்குறைய இரண்டே முக்கால் மில்லி தண்ணீர் சேர்த்தால் 44-க்கு இறங்கிவிடும். ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்று போதும்.

எந்த ரையோடு எந்த ரை?

முதலில் ஒரு சொல் தகராறு. ரை என்பதைக் கம்பு என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. கம்பு வேறு, ரை வேறு. ரை குளிர்நாட்டுப் பயிர், கோதுமைக்கு உறவுக்காரன். ஊறல் போட்டால் பசைபோல் பிசுபிசுத்து நுரை தள்ளும். காய்ச்சுபவர்கள் அதைத் திட்டிக்கொண்டேதான் வேலை செய்வார்கள்.

லேபிளில் ‘ரை’ என்று இருந்தால் எல்லாம் ஒரே சாதி என்று நினைப்பதுதான் மதிப்பீட்டில் நடக்கும் பெரிய பிழை. அமெரிக்கச் சட்டப்படி தானியக் கலவையில் 51 சதவீதம் ரை இருந்தால் போதும். உட்புறம் கரித்த புதிய ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். மீதி 49 சதவீதம் என்ன என்பது காய்ச்சுபவர் விருப்பம். கென்டக்கியின் பல பழைய பிராண்டுகள் 51-ஐ ஒட்டியே இருக்கின்றன. மீதியில் பெரும்பங்கு சோளம் என்பதால் ஓர் இனிப்பு வரும். இண்டியானா மாநிலத்து லாரன்ஸ்பர்க்கில் உள்ள பெரிய ஆலை 95 சதவீதம் ரை, 5 சதவீதம் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த) பார்லி என்ற கலவைக்குப் பேர்போனது. அதில் சதகுப்பை, புதினா வாசனை தூக்கலாக இருக்கும். கனடாவிலோ ‘ரை விஸ்கி’ என்பது கனடிய விஸ்கிக்கே வழங்கும் மறுபெயர்; சட்டப்படி அதில் ரை இவ்வளவு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

சர்டேவிஸ் 51 சதவீதம் ரை, 49 சதவீதம் மால்ட் பார்லி. அதன்பின் பெட்ரோ ஹிமெனஸ் ஷெரி என்ற இனிப்பான ஸ்பானிய ஒயின் ஊறிய பீப்பாயில் சில காலம். இதை உருவாக்கியவர் பில் லம்ஸ்டன், ஸ்காட்லாந்தின் க்ளென்மொராஞ்சி விஸ்கியால் பெயர் பெற்றவர். ஆகவே இதில் உலர்திராட்சையும் பிஸ்கட் மாதிரியான மால்ட் இனிப்பும் வருவது விபத்தல்ல, திட்டமிட்டதே. இதை 95 சதவீத ரையின் பக்கத்தில் வைத்து ‘ரை காரமே இல்லை’ என்று மட்டம் தட்டுவது ஆட்டத்தின் விதியைத் தெரிந்துகொள்ளாமல் நடுவர் ஆவது. அந்த ஷெரிப் பூச்சு தானியத்தை மூடிவிட்டதா, இல்லை தூக்கிவிட்டதா என்று கேட்டால் அது நியாயமான விசாரணை. ஹெவன்ஸ் டோர் ரைக்கும் அப்படியே: பிரான்சின் வோஜ் பகுதி ஓக் பீப்பாயில் கடைசியாக ஊறவைத்து முடித்தது என்பதால் அங்கே விசாரிக்க வேண்டியது மரத்தை.

காரமா, எரிச்சலா?

தமிழில் மிளகின் உறைப்பும் காரம்தான், சாராயம் தொண்டையைச் சுடுவதும் காரம்தான். அதனால் நம் குறிப்புகளில் இந்தக் குழப்பம் இன்னும் எளிதாக நுழைகிறது. சாராய எரிச்சலை ரையின் குணம் என்று எழுதிவைப்போம். பிரிப்பதற்கு எளிய வழி தண்ணீர். நாலைந்து சொட்டு விட்டபின் அடங்கிப்போவது எரிச்சல். மிளகு, கிராம்பு, சீமைச் சோம்பு வாசனையாக நிற்பதுதான் மசாலா. அதிலும் கிராம்பு முழுக்கத் தானியத்தின் புண்ணியம் இல்லை. கிராம்புக்கு மணம் தரும் யூஜினால் ஓக் மரத்திலும் உண்டு, பீப்பாயிலிருந்து இறங்கும். வனிலாவும் மரத்தின் கொடைதான். ‘கிராம்பு அடிக்கிறது, ஆகவே ரை அதிகம்’ என்ற கணக்கு தப்பும்.

‘தண்ணீர் விடுவது பாவம்’ என்ற கொள்கையும் இங்கே காலை வாரிவிடும். 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினி மாதிரியில் பார்த்தார்கள்: வீரியம் 45 சதவீதத்துக்குள் இருக்கும்போது குவையாக்கால் என்ற வாசனைப் பொருள் திரவத்தின் மேற்பரப்பை ஒட்டி நிற்கிறது, வீரியம் கூடினால் உள்ளே இழுத்துக்கொள்கிறது. முதலில் தண்ணீர் இல்லாமல் ஒருமுறை, பிறகு சொட்டுச் சொட்டாகச் சேர்த்து ஒருமுறை பாருங்கள். ஐஸ் மட்டும் வேண்டாம். குளிரில் வாசனை அடங்கி, நாக்கும் மரத்துப்போகும். அப்படிக் குடிப்பது உங்கள் இஷ்டம், ஆனால் மதிப்பெண் போட உதவாது.

மூக்கைக் கிளாஸுக்குள் முழுக்க நுழைப்பவர்களுக்கு: வாயைச் சற்றுத் திறந்து, விளிம்புக்கு மேலேயே நின்று மோந்து பாருங்கள். ஒயின் போலச் சுழற்றோ சுழற்று என்று சுழற்றினால் சாராய நெடிதான் முதலில் எழும். முதல் மிடறை வைத்து எதையும் எழுதாதீர்கள். அது வாயைப் பழக்குவதற்கு.

நிறத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. புதிய கரித்த பீப்பாய் சில ஆண்டுகளிலேயே நல்ல செந்நிறம் கொடுத்துவிடும். கருமை வயதுச் சான்றிதழ் ஆகாது. வயது வேண்டுமென்றால் லேபிளைப் படியுங்கள்: ‘ஸ்ட்ரெய்ட் ரை’ என்றால் குறைந்தது 2 ஆண்டு, 4-க்குக் கீழே என்றால் வயதைப் போட்டே ஆக வேண்டும். பாட்டில்டு இன் பாண்ட் என்பது 1897-ஆம் ஆண்டுச் சட்டம். குறைந்தது 4 ஆண்டு, ஒரே ஆலை, ஒரே பருவம்.

லேபிளிலேயே இன்னொரு வரி இருக்கும். காய்ச்சிய மாநிலமும் பாட்டிலில் அடைத்தவரின் மாநிலமும் வேறாக இருந்தால், அமெரிக்க விதிப்படி காய்ச்சிய இடத்தைச் சொல்ல வேண்டும். ‘இண்டியானாவில் காய்ச்சியது’ என்று பார்த்ததும் ‘மாட்டிக்கொண்டார்கள், சொந்தமாகக் காய்ச்சவே இல்லை!’ என்று துள்ளுபவர்கள் உண்டு. வெளியில் வாங்கிய சரக்கில் விற்பனையைத் தொடங்கிய மரியாதைக்குரிய பிராண்டுகள் ஏராளம். வாங்கியது குற்றமே அல்ல. எந்தப் பீப்பாய்களைத் தேர்ந்தெடுத்தார்கள், எப்படிக் கலந்தார்கள் என்பதுதான் கிளாஸில் தெரியும். வாங்கியதை மறைத்துப் பாட்டன் கைப்பக்குவம் என்று விற்றால் மட்டும் கோபப்படலாம். அந்தக் கோபமும் விலைப்பேச்சில் வரட்டும், ருசிக் குறிப்பில் வேண்டாம்.

பதக்கங்களையும் அந்தக் கணக்கிலேயே வையுங்கள். போட்டிகளில் கலந்துகொள்ள நிறுவனங்களே கட்டணம் கட்டி அனுப்புகின்றன. தங்கம் ஒருவருக்கு மட்டும் தருவதில்லை, தகுதி மட்டத்தைத் தாண்டிய எல்லாருக்கும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ போட்டியில் ‘டபுள் கோல்டு’ என்றால் குழுவின் நடுவர்கள் அனைவரும் தங்கம் தந்தார்கள் என்று பொருள், அந்த ஆண்டின் ஒரே வெற்றியாளர் என்று பொருளல்ல.

விலையைக் கடைசியில், தனி வரியில் எழுதுங்கள். சர்டேவிஸ் வந்தபோது 89 டாலர். அதில் எத்தனை டாலர் பாட்டிலுக்கு, எத்தனை பெயருக்கு என்று வாதாடலாம்தான், ஆனால் மறைத்து ஊற்றிய கிளாஸ்களுக்கு மதிப்பெண் போட்டு, தாளை மடித்துவைத்த பிறகு. ஒரு உட்காரலில் நான்கைந்துக்கு மேல் போகாதீர்கள். துப்புவதற்கு ஒரு குவளை பக்கத்தில் இருக்கட்டும். ஆறாவது கிளாஸுக்குப் பிறகு எனக்கு எல்லாமே டபுள் கோல்டுதான்.