ஃபோர் வீல் டிரைவா, ஆல் வீல் டிரைவா? உங்கள் வண்டியில் இருப்பது எது?

ஐப்பசி மழை விட்டதும் காரைக்குடிப் பக்கம் கண்மாய்க்கரைச் செம்மண்ணில் வண்டியை இறக்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் இறக்க வேண்டும். இரண்டிலும் நான்கு சக்கரமும் இழுக்கும். முன் அச்சும் பின் அச்சும் எப்படி இணைகின்றன என்பதில்தான் வித்தியாசம்.

படி 1: லீவரைப் பாருங்கள்

கியருக்குப் பக்கத்தில் 2எச் (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும்), 4எச் (நான்கும், வழக்கமான வேகத்தில்), 4எல் (நான்கும், மெதுவாக, அதிக இழுவையோடு) என்று இன்னொரு லீவர் இருந்தால் அது பழைய முறை ஃபோர் வீல் டிரைவ். மாருதி ஜிம்னியில் இருப்பது இதுதான். அதே மாருதியின் கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப் மாடலில் ஆட்டோ, ஸ்னோ, லாக் என்று குமிழ் மட்டும் இருக்கும்; அது ஆல் வீல் டிரைவ்.

படி 2: 4எச்சைச் சோதியுங்கள்

சரளை கிடக்கும் பொட்டலுக்குப் போங்கள். 4எச் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, நடை வேகத்தில் ஒரு வட்டம் அடியுங்கள். ஸ்டியரிங் இறுகும், வண்டி விட்டுவிட்டுப் பிடிக்கும், டயர் சரளையைக் கீறும். 2எச்சில் அதே வட்டம் லேசாகப் போகும்.

காரணம் இதுதான். திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். 4எச்சில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி) முன்னும் பின்னும் போகும் இரண்டு ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுவதால் அதற்கு வழியில்லை. சேற்றில் டயர் வழுக்கிச் சரிக்கட்டிவிடும். தார் ரோட்டில் வழுக்காது, முறுக்கு முழுவதும் ஷாஃப்ட், கியர் மேல் விழும். அதனால் தேவகோட்டை ரோட்டில் ஏறியதும் 2எச்சுக்கு வந்துவிடுங்கள்.

படி 3: 4எல்

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்துப் போடுங்கள். பிறகு முதல் கியரில் கரையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதிக்காமல் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு இந்த முறையில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

படி 4: ஆல் வீல் டிரைவ்

இதில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் ஒரு டிஃபரன்ஷியலோ (இரண்டு அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு), பல தட்டு கிளட்ச்சோ (தட்டுகளை அழுத்தினால் இணையும், விட்டால் பிரியும்) இருக்கும். 1980இல் வந்த ஆடி குவாட்ரோவில் இருந்தது டிஃபரன்ஷியல். இன்றைய பல கார்களில் கிளட்ச்தான்: வழக்கமாக முன் சக்கரம் இழுக்கும், அது வழுக்கினால் கம்ப்யூட்டர் தட்டுகளை அழுத்திப் பின்னாலும் விசை அனுப்பும். மழை ஈரத் தார் ரோட்டுக்கு இதுவே நல்லது. ஆழமான சேற்றில் நின்று உறுமவிட்டால் கிளட்ச் சூடேறி, இணைப்பு தற்காலிகமாக விட்டுவிடும்.

இரண்டுமே பிரேக் தூரத்தைக் குறைக்காது. அப்புறம், ஆல் வீல் டிரைவ் வண்டி பழுதானால் இரண்டு சக்கரத்தைத் தூக்கி இழுக்க விடாதீர்கள். நான்கும் மேலேறும் ஃப்ளாட்பெட் லாரியைக் கூப்பிடுங்கள்.