ஊருக்குப் போய் முதல் மாணிக்கம் வாங்கப் போகிறீர்களா?

இலங்கைக்கு விடுமுறையில் போய் மாணிக்கக்கல் (ரூபி) ஒன்று வாங்கிவர நினைப்பவர்கள், அந்த வேலையைப் பயணத்தின் கடைசி நாட்களுக்குத் தள்ளாதீர்கள். கலியாண வீடு, கோயில் திருவிழா எல்லாம் முடித்து, விமானம் ஏறுவதற்கு முதல் நாள் பின்னேரம் கடைக்குள் நுழைந்தால் கல்லைச் சோதிக்க நேரமே இருக்காது. கடைக்காரர் காட்டுவதை நம்பிப் பணம் கொடுப்பது ஒன்றுதான் வழி. அதனால் வந்திறங்கிய முதல் வாரத்திலேயே கல்லைப் பாருங்கள். ஆய்வுகூடத்தில் அறிக்கை கிடைக்க எத்தனை நாள் செல்லும் என்று முன்கூட்டியே கேட்டு, அதற்குத் தக்கபடி யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போகும் நாளை வையுங்கள்.

கல் வாங்க மூன்று இடங்களைச் சொல்வேன். இரத்தினபுரியில் தெருவிலேயே வியாபாரம் நடக்கும். பொட்டலம் பிரித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார்கள். பேருவளை சீனங்கோட்டையில் வியாபாரிகள் பெரும்பாலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள். அங்கே "நானா, இது ஹீட் பண்ணின கல்லா, பண்ணாததா?" என்று நம்முடைய மொழியிலேயே கேட்கலாம், நமக்கு அது பெரிய வசதி. மூன்றாவது, கொழும்புக் கடைகள். முதல் கல் வாங்குகிறவருக்கு நான் கொழும்பைத்தான் சொல்வேன். தெருச் சந்தையில் விலை குறைவாகக் கிடைக்கலாம், ஆனால் அது கல்லை அறிந்தவர்களின் இடம். எங்கே வாங்கினாலும், இரத்தினக்கல் வியாபாரத்துக்கான அனுமதிப்பத்திரம் உள்ளவரா என்று பாருங்கள். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை அதை வழங்குகிறது. சுரங்கத்தருகே, "இப்பதான் குழியிலிருந்து எடுத்தது" என்று யாராவது நீட்டினால் வாங்க வேண்டாம். செயற்கைக் கல்லை உடைத்து, உரசி, பட்டை தீட்டாத கல் மாதிரி ஆக்கி விற்பது பழைய வித்தை.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இலங்கை மண்ணில் நீலக்கல் தாராளம். நல்ல சிவப்பு அபூர்வம். இங்கே கிடைக்கும் சிவந்த கற்களில் பல, இளஞ்சிவப்புப் பக்கம் சாய்ந்தவை. அவற்றை ஆய்வுகூடம் "பிங்க் சஃபையர்" என்று எழுதினால் விலை வேறு, "ரூபி" என்று எழுதினால் விலை வேறு. 2009இல் மொசாம்பிக்கின் மொண்டபுவேஸ் பகுதியில் பெரிய மாணிக்கப் படிவு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, இலங்கை வியாபாரிகள் அங்கிருந்தும் நிறையக் கல் கொண்டுவருகிறார்கள். ஆகவே கொழும்பில் வாங்கியது என்பதற்காக அது இலங்கைக் கல் ஆகிவிடாது. ஆப்பிரிக்கக் கல்லில் குறை ஒன்றும் இல்லை, மிக அழகானவை உண்டு. "சிலோன் ரூபி" என்று சொல்லி அதற்குக் கூடுதல் காசு கேட்டால் மட்டும், எந்த நாட்டுக் கல் என்று ஆய்வுகூடம் எழுதித் தந்த அறிக்கையைக் கேளுங்கள்.

சரி, கல்லுக்கு வருவோம். "அசலா, போலியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். அந்தக் கேள்விக்குக் கடைக்காரர் கூசாமல் "அசல்தான்" என்று சொல்லிவிடலாம், பொய்யும் ஆகாது. மண்ணிலிருந்து வந்த கல்லாகவே இருந்தும் அது பாதி கண்ணாடியாக இருக்க முடியும். கேட்க வேண்டியது, "இந்தக் கல்லுக்கு என்னென்ன செய்திருக்கிறார்கள்?" என்பதுதான்.

சந்தையில் உள்ள மாணிக்கங்களில் பெரும்பாலானவை சூடாக்கப்பட்டவை. இது புதிதல்ல. கரி நெருப்பில் கல்லை வைத்து ஊதுகுழலால் ஊதி, சிவப்போடு கலந்திருக்கும் நீலச்சாயலை எடுப்பது இலங்கையில் வழிவழியாக வந்த தொழில். வெறும் சூடு மட்டும் காட்டிய கல் நிலையானது, தலைமுறைக்கும் இருக்கும். சூடாக்காத கல்லுக்கு விலை பல மடங்கு ஏறும். முதல் கல்லுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். அடுத்த படி, வெண்காரம் போன்றவற்றைச் சேர்த்து உயர் வெப்பத்தில் வைத்து வெடிப்புகளை ஒட்டவைப்பது. 1990களில் பர்மாவின் மொங் சூ கற்கள் இப்படித்தான் பெருமளவில் சந்தைக்கு வந்தன. வெடிப்புக்குள் அதில் கொஞ்சம் தங்கிவிடும், அறிக்கையில் அந்த மிச்சத்தின் அளவைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று எழுதுவார்கள். குறைவு என்றால் யோசித்து வாங்கலாம், அதற்குத் தக்க விலையில்.

கட்டாயம் தவிர்க்க வேண்டியது ஈயக் கண்ணாடி நிரப்பிய கல். 2004 அளவில் இது சந்தைக்கு வந்தது. வெடிப்பும் புழுதியுமாக, ஒளியே ஊடுருவாத மலிவான கல்லை எடுத்துச் சுத்தம் செய்து, ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி வெடிப்புக்குள் ஊற்றிவிடுவார்கள். ஈயக் கண்ணாடி ஒளியை வளைக்கும் விதம் மாணிக்கத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போவதால் வெடிப்புகள் கண்ணுக்கு மறைந்து, கல் பளிச்சென்று தெளிந்துவிடும். பெரிதாக, சிவப்பாக, நம்ப முடியாத மலிவாக ஒரு கல் இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் (சின்னக் கைலென்ஸ்) ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள், பெரிய செலவில்லை. சின்ன டோர்ச் வெளிச்சத்தில் கல்லை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி நிரப்பிய கல் என்றால், சிவப்புக்குள் திடீரென்று நீலமாக ஒரு மினுக்கம் ஓடி மறையும், சிலவேளை செம்மஞ்சளாகவும் தெரியும். உள்ளே உருண்டையாகவோ தட்டையாகவோ காற்றுக்குமிழிகள் கிடக்கும். இனி கல்லின் மேல்முகத்தில் ஒளி பட்டுத் தெறிக்கும்படி பிடித்தால், வலைபோலக் கோடுகள் தெரியும். கோடு இருக்கும் இடத்தில் மட்டும் மினுக்கம் மங்கலாக இருக்கும், ஏனென்றால் அங்கே இருப்பது கண்ணாடி. இந்தக் கல்லை மோதிரத்தில் பதிக்கும்போது பத்தரின் ஊதுவிளக்குச் சூடு பட்டால் கண்ணாடி உருகி வெளியே வரும். நம் வீடுகளில் நகையைத் தேசிக்காயும் புளியும் போட்டுக் கழுவுவோமே, அந்தப் புளிப்பே போதும், கண்ணாடி அரித்துக் கல் முழுக்க வெள்ளைக் கோடு விழுந்துவிடும். ஒருமுறை விழுந்தால் மாற்ற வழியில்லை.

செயற்கை மாணிக்கமோ பழைய கதை. வெர்னுயில் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902இல் தன் முறையை வெளியிட்டதிலிருந்து அது மலிவாகக் கிடைக்கிறது. அம்மம்மாவின் அட்டியலிலும் தோட்டிலும் உள்ள சிவப்புக் கற்கள் பலவும் இந்த வகையாகவே இருக்கும். அதனால் அந்த நகைக்கு ஒரு குறையும் இல்லை. லூப்பில் வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது செயற்கை. இயற்கைக் கல்லில் கோடுகள் நேராக, கோணம் கோணமாக ஓடும். பட்டுநூல் போன்ற ஊசிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு தூசி, ஒரு கீறல்கூட இல்லாத பெரிய கல் என்றால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள்.

கடையில் காட்டும் சோதனைகளை நம்பாதீர்கள். கண்ணாடியைக் கீறிக் காட்டுவார்கள். செயற்கை மாணிக்கத்துக்கும் இயற்கைக் கல்லைப்போலவே மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை 9தான், அதுவும் கீறும். ஊதாக்கதிர் டோர்ச்சில் தணல்போல ஒளிரவைப்பார்கள். செயற்கைக் கல் அதைவிட நன்றாகவே ஒளிரும். இரும்பு கூடிய நல்ல இயற்கைக் கல் மங்கலாக நிற்கும். பாலில் போட்டால் பால் சிவக்கும் என்பது வெறும் கதை.

பிடித்த கல் கிடைத்தால், கடையின் மஞ்சள் விளக்கிலிருந்து வெளியே கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில், நிழலில் வைத்துப் பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் சிறு முற்பணம் கொடுத்து, கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு அதிகார சபையின் ஆய்வுகூடத்துக்குப் போங்கள். நல்ல வியாபாரி இதற்கு முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள், கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

கடையே அறிக்கையோடு கல்லைத் தந்தால், அந்த அறிக்கை இந்தக் கல்லுக்குரியதுதானா என்று பாருங்கள். அறிக்கையில் 1.28 கரட், 6.8 × 5.7 × 4.1 மில்லிமீற்றர் என்று இருந்து, தராசில் 1.34 காட்டினால் அது வேறு கல். நல்ல கல்லின் அறிக்கையை மட்டமான கல்லோடு சேர்த்து விற்பது நடக்கிறது. அறிக்கை எண்ணை, அதை வழங்கிய ஆய்வுகூடத்தின் இணையதளத்திலேயே போட்டுப் பார்க்கலாம். சுவிஸில் இருப்பவர்களுக்கு இதில் கொடுப்பினை உண்டு. பாசலில் எஸ்எஸ்இஎஃப், லூசேர்னில் கியூபெலின் என்று உலகம் மதிக்கும் இரண்டு ஆய்வுகூடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. பெரிய விலை கொடுத்தவர்கள் திரும்பிப் போனதும் அங்கே ஒருமுறை காட்டலாம்.

பற்றுச்சீட்டில் எழுத வேண்டியது: இயற்கை மாணிக்கம், எடை, அளவு, கல்லுக்குச் செய்த பக்குவம் (சூடாக்கியது போன்றவை), கண்ணாடி நிரப்பப்படவில்லை, வேறு ஆய்வில் மாறாகத் தெரிந்தால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும். வாய்ப்பேச்சு கனடாவிலிருந்து தொலைபேசியில் செல்லாது. முடிந்தால் அட்டையில் பணம் செலுத்துங்கள்.

கல்லை அறிக்கை கையில் வந்த பிறகுதான் பதிக்கக் கொடுக்க வேண்டும். பதித்த கல்லைச் சரியாக நிறுக்கவும் முடியாது, முழுதாகப் பார்க்கவும் முடியாது. கொழும்பு செட்டியார் தெருவிலோ யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலோ பத்தரிடம் கொடுக்கும்போது, பின்பக்கம் திறந்தபடி கட்டச் சொல்லுங்கள். சோதிடர் சொல்லிப் போடுகிறவர்கள் கல் விரலில் பட வேண்டும் என்று எப்படியும் அப்படித்தான் கேட்பார்கள். கொடுக்கும்முன் அவர் முன்னாலேயே நிறுத்து, லூப்பில் தெரியும் அடையாளம் ஒன்றைக் குறித்து வையுங்கள், வாங்கும்போது அதே அடையாளத்தைத் தேடிப் பார்க்கலாம்.

திரும்பும்போது பற்றுச்சீட்டும் அறிக்கையும் கைப்பையில் இருக்கட்டும், கல்லும் அப்படியே. கனடாவில் 48 மணிநேரத்துக்கு மேல் வெளியே இருந்தவருக்கு 800 டொலர், பிரித்தானியாவில் 390 பவுண், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விமானத்தில் வருவோருக்கு 430 யூரோ வரைதான் வரிவிலக்கு. அதற்கு மேல் என்றால் சுங்கத்தில் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அங்கே கட்டும் வரிக்கான ரசீதைப் பின்னாளில் காப்புறுதிக்கும் காட்டலாம்.