செட்டிநாட்டு வீட்டுக்குப் புதுச் சாதனம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரியில் லாஸ் வேகாஸில் சி.இ.எஸ். என்னும் மின்னணுச் சாதனக் கண்காட்சி நடக்கும். அடுத்த நாளே அதன் காணொளிகள் காரைக்குடி வட்டாரத்துக் குடும்பக் குழுக்களில் சுற்றத் தொடங்கும். அடுத்த சில மாதங்களில் அமெரிக்காவிலிருந்து மகன் ஒரு பெட்டி அனுப்புவார், சிங்கப்பூரிலிருந்து மருமகன் ஒன்று கொண்டுவருவார். அதன்பின் நடக்கும் தவறுகள் வருஷா வருஷம் அதேதான். பாஸ்வேர்டை மறப்பது, சார்ஜரைத் தொலைப்பது போன்றவை எல்லாருக்கும் தெரியும். பணத்தைத் தின்கிறவற்றை மட்டும் பார்ப்போம்.

வீட்டை அளக்காமல் மெஷ் வைஃபை வாங்குவது

இதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. வைஃபை 7 சான்றிதழ் 2024 ஜனவரியில் வந்ததிலிருந்து, மூன்று பெட்டி கொண்ட மெஷ் செட்டுகளைத்தான் (பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபை தரும் முறை) எல்லாரும் கேட்கிறார்கள். அட்டையில் போட்டிருக்கும் வேகம் 2.4, 5, 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் மூன்றின் வேகத்தையும் கூட்டிச் சொன்ன எண். ஒரு போனுக்கு அவ்வளவும் ஒருபோதும் கிடைக்காது. அதைவிட முக்கியம், அலைவரிசை உயர உயரச் சுவரைத் துளைக்கும் திறன் குறையும். மரச்சட்டத்தில் பலகை அடித்த அமெரிக்கச் சுவர் வேறு, செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய நம் வீட்டுக் கனத்த சுவர் வேறு. வேகத்துக்குப் பேர்போன 6 ஜிகாஹெர்ட்ஸ்தான் இங்கே முதலில் செத்துப்போகும்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொன்னால் புரியும். முகப்பில் ஒரு பெட்டி, இரண்டாங்கட்டில் ஒன்று, அடுப்படிப் பக்கம் ஒன்று. மூன்றிலும் விளக்கு பச்சையாக எரிந்தது. ஆனால் பின்கட்டில் ஆச்சி பேரனோடு வீடியோவில் பேசினால் முகம் உறைந்து உறைந்து நின்றது. காரணம் எளிது. கம்பி இல்லாமல் இணைத்தால், ஒரு பெட்டி தனக்கு வந்து சேர்ந்ததைத்தான் அடுத்ததற்குக் கொடுக்க முடியும். இரண்டு சுவர் தாண்டி நலிந்து வந்ததை மூன்றாவது பெட்டி இன்னும் நலிவாக்கித் தருகிறது. அதற்கு நான்காவது பெட்டி வாங்குவதுதான் உச்சபட்ச அபத்தம். அந்த வீட்டிலும் வாங்கினார்கள்.

வாங்குவதற்கு முன் பைசா செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒரு போனில் 5 ஜிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, ரவுட்டர் வரப்போகும் இடத்தில் வையுங்கள். இன்னொரு போனில் வைஃபை அனலைசர் செயலியைத் திறந்து வளவு (நடுமுற்றம்), பட்டாலை (கூடம்), இரண்டாங்கட்டு என்று நடந்து போங்கள். டி.பி.எம். என்பது சிக்னல் வலுவின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம். மைனஸ் 67 டி.பி.எம். வரை நல்ல சிக்னல். மைனஸ் 75-க்குக் கீழே போனால் அந்த இடத்தில் கம்பி இல்லாமல் பெட்டி வைத்துப் பயனில்லை. முகப்பிலிருந்து பின்வாசல் வரை வாசல் நிலைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும் வீடுகளில், அந்தக் கோட்டில் மட்டும் சிக்னல் தாராளமாகப் போகும். இரண்டடி விலகினால் விழுந்துவிடும். கதவைச் சாத்திவிட்டும் ஒருமுறை பாருங்கள். பெரிய நிலைக்கண்ணாடிக்குப் பின்னாலும் இரும்பு பீரோவுக்குப் பக்கத்திலும் பெட்டியை வைக்கவே கூடாது. இரண்டும் உலோகத் திரைபோல அலையை மறித்துவிடும்.

தீர்வு கம்பிதான். கேட் 6 என்னும் நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். தாழ்வார உத்தரத்தை ஒட்டி, மேல் சாளரம் வழியாக இழுத்தால் பழைய சுண்ணாம்புப் பூச்சில் துளை போட வேண்டியதில்லை. கேபிள் போகும் வழியாகவே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அணிலும் எலியும் கடிக்கும் என்பதால் பி.வி.சி. குழாய்க்குள் விடுங்கள். கரண்டு ஒயரிலிருந்து ஓரடியாவது தள்ளி ஓட்டுங்கள். தனிக் கட்டடத்துக்குத் திறந்தவெளி வழியாகப் போவதானால் ஃபைபர் (ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழை) போடுங்கள். இடி இறங்கினால் செம்புக் கம்பி இரு முனையிலும் உள்ள சாதனங்களைக் கருக்கிவிடும்.

கேபிள் வாங்கும்போது ஒரு நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறமாக இருந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். வேண்டாம். கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும்போது அது சூடேறும், வளைத்தால் ஒடியும்.

பெட்டிகள் எல்லாவற்றையும் முதலில் ஒரே மேசையில் வைத்து ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, பிறகு இடம் மாற்றிக் கம்பியைச் செருகுங்கள். நெட் கம்பெனிக்காரர் தந்த ரவுட்டரின் வைஃபையை அணைத்து, மெஷ்ஷை ஆக்சஸ் பாயிண்ட் முறையில் (ரவுட்டர் வேலை பார்க்காமல் வைஃபை மட்டும் தரும் அமைப்பு) போடுங்கள். இல்லாவிட்டால் ஒரே வீட்டில் இரண்டு நெட்வொர்க் உருவாகி, பிரிண்டர் ஒன்றிலும் போன் மற்றொன்றிலும் நிற்கும். கடைக்கோடிப் பெட்டியில் கேபிள் செருகும் துளை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். சில செட்டுகளில் இருக்காது.

120 வோல்ட் சாதனத்தை இங்கே செருகுவது

அடாப்டரின் பொடி எழுத்தைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் பிளக் மாற்றினால் போதும். வெறும் 120 என்றால் செருகாதீர்கள்.

அறிவிப்பை நம்பி முன்பணம் கட்டுவது

சாம்சங் தன் உருளும் ரோபோ பாலியை 2020 கண்காட்சியில் காட்டியது. 2024-லும் காட்டியது, 2025-லும் காட்டியது. அதுவரை கடைக்கு வரவில்லை. ஹ்யூமேன் நிறுவனத்தின் சட்டையில் மாட்டும் ஏஐ பின் 699 டாலருக்கு 2024-இல் கடைக்கு வந்தது. 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி அதன் சர்வர்களை நிறுத்தினார்கள். வாங்கியவர் கையில் மிஞ்சியது ஒரு வில்லை.

பழைய தேக்குக் கதவில் ஸ்மார்ட் பூட்டு

துளைக்காதீர்கள்.

நிலைப்படியை மறந்து ரோபோ துடைப்பான்

சாதாரண ரோபோ ஏறுவது இரண்டு சென்டிமீட்டர் உயரம். நம் நிலைப்படி அதைவிட எவ்வளவு உயரம் என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். வளவில் இறக்கம் இருந்தால் விழாமல் காக்கும் சென்சார், தரையில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளியை நம்பியிருக்கிறது. கறுப்பு அந்த ஒளியை விழுங்கிவிடும் என்பதால், ஆத்தங்குடிக் கல்லில் கறுப்புப் பூ வரும் இடத்திலும் பள்ளம் என்று நினைத்து ரோபோ நின்றுவிடலாம். ஈரத் துடைப்பத் தொட்டியில் அமிலம் கலந்த கிளீனர் ஊற்றினால் கல்லின் சிமெண்டு மேற்பரப்பு அரித்துப்போகும். வெறும் தண்ணீர் போதும்.

கரண்டு போனால்?

ரவுட்டருக்கென்று விற்கும் மினி யு.பி.எஸ். பெரும்பாலும் 12 வோல்ட், 2 ஆம்பியர். புது மெஷ் பெட்டிகள் பல அதற்கு மேல் கேட்கும். அடாப்டரில் உள்ள வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். முகப்பில் இருக்கும் ஃபைபர் மோடத்துக்கும் ஒன்று வேண்டும்.