எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முதல் நாள்: மண்டபம் மணலும் பாம்பன் பாசியும்

எஸ்.இ.எம். எனப்படும் ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் திரையில் நான் முதன்முதலில் பார்த்தது உப்பு. பாம்பனில் வாங்கிய கஞ்சிப்பாசியை ஒரே ஒரு தடவை அலசி, காயவைத்து, கொண்டுபோயிருந்தேன். 2,000 மடங்கு பெரிதாக்கியதும் திரை முழுக்கச் சதுரச் சதுரமாகக் கட்டிகள். அதற்கு அடியில் எங்கோ டயட்டம்கள், அதாவது பாசியின் மேல் ஒட்டி வாழும் சிலிக்கா ஓடுள்ள ஒற்றைச் செல் உயிர்கள், புதைந்து கிடந்தன. இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த மூன்று மணி நேரம் அப்படியே போனது.

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. அதனால் இந்தக் கரையில் ஆய்வு மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் யார் என்னிடம் இந்தக் கருவியைப் பழக வந்தாலும் அதன் பொத்தான்களை முதலில் காட்டமாட்டேன். அதை இரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம். படம் நன்றாக வருமா வராதா என்பது கடற்கரையிலும் தயாரிப்பு மேசையிலுமே முடிவாகிவிடுகிறது.

முதலில் இரண்டு காரணங்கள்

சாதாரண நுண்ணோக்கியில் ஒளியின் அலைநீளம்தான் எல்லை. சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைவான இடைவெளியை அதில் பிரித்துப் பார்க்க முடியாது. எலக்ட்ரானின் அலைநீளம் மிகமிகச் சிறியது. எர்ன்ஸ்ட் ரஸ்காவும் மேக்ஸ் நோலும் 1931-ல் எலக்ட்ரான்களைக் காந்த வில்லைகளால் குவித்துப் படம் எடுத்துக் காட்டினார்கள். அது மாதிரியை ஊடுருவிப் பார்க்கும் வகை. நாம் பயன்படுத்தப்போவது ஸ்கேனிங் வகை. எலக்ட்ரான் கற்றை மாதிரியின் மேல் வரிவரியாக ஓடும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தெறித்து வரும் எலக்ட்ரான்களை எண்ணித் திரையில் படமாக்கும்.

இதில் நீங்கள் மனதில் வைக்கவேண்டியவை இரண்டு. ஒன்று, கற்றை ஓடுவது வெற்றிடத்தில், எனவே மாதிரியில் துளி ஈரமும் இருக்கக் கூடாது. இன்னொன்று, மாதிரியில் விழும் மின்சுமை வெளியேற வழி வேண்டும், எனவே மேற்பரப்பு மின்சாரத்தைக் கடத்த வேண்டும். கீழே வரும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்தே வருகின்றன.

எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே எதையும் எடுக்கக் கூடாது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டையும் பையில் போடாதீர்கள். செத்த பவளமானாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும். கடல் அட்டைக்கும் கடல் குதிரைக்கும் அதே கதைதான். "ஒதுங்கியதுதானே" என்ற பதில் செல்லாது.

பழகுவதற்கு அவை தேவையும் இல்லை. ஒரு பிடி கடற்கரை மணல், ஒரு கொத்துப் பாசி போதும். மணலையும் பூங்கா எல்லைக்கு வெளியே, உங்கள் வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். பாசியை நான் பாசி எடுக்கும் அக்காமார்களிடம் கேட்டு வாங்குவேன். ஒருமுறை ஒரு அக்கா கேட்டார்: "இதுல என்னத்த தம்பி பாக்கப்போறீங்க?" அடுத்த முறை போனபோது அவர் கொடுத்த பாசியிலிருந்த டயட்டம்களின் படத்தைப் போனில் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "இத்தன நாளா இது மேலயா கைய வச்சிக்கிட்டிருந்தேன்" என்றார். கேட்டதும் கொடுத்தவர்களுக்குப் படத்தைக் காட்டுவதையும் வேலையின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எளிய மாதிரி: மணலில் ஃபோராமினிஃபெரா

இதில் தொடங்குங்கள். ஃபோராமினிஃபெரா ஒற்றைச் செல் உயிர்கள். பலவற்றின் ஓடு சுண்ணாம்பால் ஆனது. உயிர் போன பிறகும் ஓடு மணலில் தங்கிவிடும். மணலை 63 மைக்ரான் சல்லடையில் போட்டுக் கழுவுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். நம் மாவட்டத்தில் பல ஊர்களில் அதுவே உப்புக் கரிக்கும். காய்ச்சி வடித்த நீரில் கழுவுங்கள், ஆனால் ஊறப்போடாதீர்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து அந்த நீர் லேசாக அமிலமாகியிருக்கும், மெல்லிய ஓட்டை அரித்துவிடும். 60 டிகிரி அடுப்பில் உலர்த்தி, ஸ்டீரியோ நுண்ணோக்கியின் கீழே, நுனி நனைத்த மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குங்கள். அவ்வளவுதான்.

கடினமான மாதிரி: பாசியும் அதன் மேலுள்ள டயட்டமும்

பாம்பன் கடற்கரையில் கருவாடு காய்வதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வெளியேறும்போது மீன் சுருங்கி, மடிந்து, வேறு உருவமாகிவிடுகிறது. பாசியை வெயிலில் வைத்தாலும் செல்களுக்கு அதே கதிதான். ஆவியாகும் நீரின் பரப்பு இழுவிசை செல் சுவரை உள்ளே இழுத்துவிடும். அதைத் தடுக்கத்தான் இத்தனை படிகள்.

பாசியை எடுத்த இடத்துக் கடல்நீரையே ஒரு பாட்டிலில் கொண்டுவந்து 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டுங்கள். செல்களை அதே உருவில் நிலைநிறுத்தக் குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருள் வேண்டும். கடையில் வரும் 25 சதவீத குளூட்டரால்டிஹைடில் ஒரு பங்குக்கு இந்த நீர் ஒன்பது பங்கு சேர்த்தால் 2.5 சதவீதம் கிடைக்கும். நன்னீரில் கலந்தால் செல்கள் நீரை உறிஞ்சி வெடிக்கும். அமில-கார அளவை நிலையாக வைக்கும் பாஸ்பேட் பஃபர் கரைசலைக் கடல்நீரோடு சேர்த்தால் கால்சியத்தோடு கலந்து பொடி படியும், பிறகு அந்தப் பொடியைத்தான் படம் எடுப்பீர்கள். கையுறை போட்டு, புகைபோக்கி அலமாரிக்குள் வைத்துச் செய்யுங்கள். குளூட்டரால்டிஹைடு கண்ணையும் மூச்சையும் உறுத்தும். விரல் நக அளவுத் துண்டு போதும். துண்டு அந்தக் கரைசலில் ஓர் இரவு 4 டிகிரியில் இருக்கட்டும்.

அடுத்தது கழுவுதல். இங்கே யாரும் அவசரப்படாதீர்கள். முதலில் வடிகட்டிய கடல்நீரில் இரண்டு முறை, பிறகு அதையும் காய்ச்சி வடித்த நீரையும் பாதிக்குப் பாதி கலந்து அதில், கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் பத்துப் பத்து நிமிடமாகக் குறைந்தது மூன்று முறை. உப்பு போய்விட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. கடைசியாகக் கழுவிய நீரில் கொஞ்சத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து ஒரு துளி சில்வர் நைட்ரேட் விடுங்கள். பால் போல வெண்மையாகக் கலங்கினால் உப்பு இன்னும் இருக்கிறது. மறுபடியும் கழுவுங்கள். துளி விழுந்த பிறகும் நீர் தெளிவாக இருந்தால்தான் அடுத்த படிக்கு வரவேண்டும். எனக்கு அந்தச் சதுரக் கட்டிகளுக்குப் பிறகு கிடைத்த பழக்கம் இது. இன்றுவரை விட்டதில்லை.

அப்புறம் செல்லிலுள்ள நீரை வெளியேற்ற எத்தனால்: 30, 50, 70, 90 சதவீதம், ஒவ்வொன்றிலும் 15 நிமிடம். கடைசியில் 100 சதவீதத்தில் மூன்று முறை. கடற்கரைக் காற்றில் திறந்து வைத்த பாட்டில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் இந்தக் கடைசிப் படிக்குப் புதுப் பாட்டில் திறப்பது நல்லது. பிறகு கிரிட்டிக்கல் பாயின்ட் டிரையர். அதற்குள் எத்தனாலின் இடத்தில் திரவக் கார்பன் டை ஆக்சைடு புகும். 31 டிகிரியையும் சுமார் 74 பார் அழுத்தத்தையும் தாண்டியதும் திரவம், வாயு என்ற வேறுபாடே இல்லாமல் போகும். மேற்பரப்பு என்று ஒன்று இல்லாததால் இழுவிசையும் இல்லை. செல் தன் உருவத்தோடேயே உலர்ந்துவிடும்.

உலர்ந்ததைச் சன்னலோரம் வைக்காதீர்கள். காற்றோடு உப்பும் வரும். சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் வையுங்கள்.

ஒட்டுவதும் பூசுவதும்

மாதிரியைத் தாங்கும் சிறு அலுமினிய வட்டான ஸ்டப்பில் கார்பன் டேப் ஒட்டி, அதன் மேல் மாதிரியை வையுங்கள். ஸ்டப்பின் அடியில் எண் எழுதிவிடுங்கள். மெல்லிய உலோகப் பூச்சு போடும் கருவியான ஸ்பட்டர் கோட்டரில் 5 முதல் 10 நானோமீட்டர் தங்கம் போதும். அதிகமானால் டயட்டத்தின் நுண்துளைகள் அடைபடும். தனிமங்களை அறியும் ஈ.டி.எஸ். பரிசோதனையில் பாஸ்பரஸ் தேட வேண்டுமானால் தங்கத்துக்குப் பதில் கார்பன் பூசுங்கள். அந்தப் பரிசோதனையில் தங்கத்தின் எக்ஸ்-கதிர்க் கோடும் பாஸ்பரஸின் கோடும் ஒன்றை ஒன்று மறைக்கும் அளவுக்கு அருகருகே வரும்.

இப்போது கருவி

கையுறை இல்லாமல் கருவியின் வெற்றிட அறைக்குள் எதையும் வைக்காதீர்கள். விரல் எண்ணெய் வெற்றிடத்தைக் கெடுக்கும். ஸ்டப்பின் உயரத்தை அளந்து எழுதிவையுங்கள். மேடையை மேலே ஏற்றும்போது கண் அறைக் கேமராவில்தான் இருக்க வேண்டும். மாதிரி போய் வில்லையில் இடித்தால் ஆய்வகம் மொத்தமும் வாரக்கணக்கில் காத்திருக்கும்.

வெற்றிடம் தயாரானதும் 10 கிலோவோல்ட்டில், வில்லைக்கும் மாதிரிக்கும் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் தொடங்குங்கள். குறைந்த உருப்பெருக்கத்தில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு, உங்களுக்கு 5,000 மடங்கில் படம் வேண்டுமானால் 15,000-க்குப் போய்த்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஃபோகஸ் குமிழைத் திருப்பும்போது உருவம் ஒரு பக்கம் சாய்ந்து இழுபடுகிறதா, எதிர்ப்பக்கம் திருப்பினால் அதற்குக் குறுக்காக இழுபடுகிறதா என்று பாருங்கள். அது அஸ்டிக்மாட்டிசம். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி, எக்ஸ், ஒய் ஸ்டிக்மேட்டர் குமிழ்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்புங்கள். மறுபடி ஃபோகஸ், மறுபடி ஸ்டிக்மேட்டர். ஓவல் வடிவ காக்கோனீஸ் டயட்டத்தின் துளைகள் மங்கலான கோடுகளாக இருந்து, சட்டென்று தனித்தனிப் புள்ளிகளாகப் பிரியும். மாணவர்கள் அந்த நொடியில் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கும் நெஞ்சு நிறையும்.

பளிச்சென்ற வெள்ளைக் கீற்றுகள் ஓடினாலோ படம் நகர்ந்துகொண்டே போனாலோ மின்சுமை தேங்குகிறது என்று பொருள். வோல்ட்டேஜைக் குறையுங்கள், அல்லது வெளியே எடுத்து இன்னொரு முறை பூசுங்கள். சந்தேகமான கட்டி தெரிந்தால் அதன் மேல் ஈ.டி.எஸ். வைத்துப் பாருங்கள். சோடியமும் குளோரினும் வந்தால் உப்பு. சிலிக்கானும் ஆக்சிஜனும் வந்தால் டயட்டமாக இருக்கலாம், மணல்துகளாகவும் இருக்கலாம், வடிவத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பிறகு 5,000-க்குத் திரும்பி, மெதுவான ஸ்கேனில் படத்தைச் சேமியுங்கள். அளவுகோல் கோடு படத்திலேயே இருக்கட்டும். "5,000 மடங்கு" என்று எழுதி வைப்பது போதாது, படத்தைச் சிறிதாக்கி அச்சிட்டால் அந்த எண் பொய்யாகிவிடும். கற்றையை அணைத்து, மேடையைக் கீழே இறக்கி, ஸ்டப்பை எடுத்து, அடியிலுள்ள எண்ணைக் குறிப்பேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டுச் சிலிக்கா ஜெல் பெட்டிக்குள் வையுங்கள்.