தூக்கிப் போட்ட மானிட்டர், இப்போ ஓடுது

ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட எல்சிடி மானிட்டர் ஒண்ணு எடுத்துட்டு வந்தேன், ஆன் பண்ணா பவர் லைட் மினுக் மினுக்னு அடிச்சுட்டு அணைஞ்சிடும். பிளக்கை புடுங்கி ஒரு நாள் வச்சுட்டு அப்புறம்தான் கழட்டுனேன் (பவர் போர்டுல இருக்குற பெரிய கெப்பாசிட்டர், அதாவது சார்ஜ் சேத்து வைக்கிற பாகம், 300 வோல்ட்டுக்கு மேல கூட புடிச்சு வச்சிருக்கும், வோல்ட் மீட்டர் வச்சு பாக்காம கைய வைக்காதீங்க). பாத்தா அவுட்புட் பக்கம் 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெப்பாசிட்டர் ரெண்டு தலை உப்பிக் கெடந்துச்சு. வேற பழைய போர்டுல இருந்து எடுத்துப் போடலாம்னு நெனச்சேன், ஆனா அதுவும் வயசானதுதானே, அதனால புதுசா அதே மைக்ரோஃபாரட், 25 வோல்ட், 105 டிகிரி சூடு தாங்குற, லோ இஎஸ்ஆர் (உள்தடை கம்மியான) வகை வாங்கி, அது மேல போட்டிருக்குற மைனஸ் கோடு சரியான பக்கம் வருதான்னு பாத்து சால்டர் வச்சேன், உடனே படம் வந்துடுச்சு! பழைய மாடல்ல ஸ்கிரீனுக்கு பின்னாடி இருக்குற மெல்லிசு குழாய் லைட்ல பாதரசம் இருக்கு, அத மட்டும் ஒடைச்சிடாதீங்க.