கல்யாணத் துணியெடுக்கக் கண்டிக்குப் போகிறவர்களுக்கு

தேயிலைத் தோட்டத்தில் பத்தாம் திகதி சம்பளம் போட்டால், அதற்கடுத்த சனி, ஞாயிறில் கண்டிக் கடைத்தெரு நிரம்பி வழியும். கல்யாணத் துணியெடுக்க அந்த நாட்களைத் தவிருங்கள். ஒரு நாள் பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போனாலும் போகட்டும், வாரநாளில் போங்கள். அப்போதுதான் கடைப்பிள்ளைகளுக்குச் சேலைகளை விரித்துக் காட்ட நேரமிருக்கும். நான் நாவலப்பிட்டியில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். பெண் வீட்டார் கூப்பிட்டால் கூடவே போய் வருவேன்.

பஸ்ஸோ ரயிலோ, காலையிலேயே இறங்கி, நேரே வாவிப் பக்கம் தலதா வீதிக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து கொழும்பு வீதி, கொட்டுகொடெல்ல வீதி என்று பார்த்துக்கொண்டே திரும்புங்கள். முதல் சுற்றில் விலை மட்டும் கேளுங்கள்.

கூறைச் சேலையைக் கடை லைட்டில் பார்த்து முடிவு செய்யவே கூடாது. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்கக் கேளுங்கள், நல்ல கடையில் மறுக்கமாட்டார்கள். மஞ்சள் வெளிச்சத்தில் அரக்காகத் தெரிந்தது வெளியே வந்தால் வெறும் சிவப்பாக இருக்கும். சட்டைத் துணியையும் சேலையோடு சேர்த்து வெளிச்சத்தில்தான் பொருத்த வேண்டும். நூல் வாங்கும்போது ஒரு இழையை உருவித் துணிமேல் வையுங்கள். ஒரு சாயல் கூடுதலாக இருப்பதை எடுங்கள், தைத்தபின் நூல் வெளிறித்தான் தெரியும். உள்ளே வைக்கிற பருத்தி லைனிங் சுருங்கும். கால் மீட்டர் கூட வாங்கி, தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத் தையல்காரரிடம் கொடுங்கள்.

தாலிக்குப் பவுன் வாங்கினால் கரட்டும் எடையும் செய்கூலியும் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரு பவுன் 8 கிராம்.

பிள்ளைகள் கூட வந்தால் தலதா மாளிகைக்குப் பக்கத்திலுள்ள மலபார் வீதியைக் காட்டுங்கள். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நாயக்க மன்னர்களின் சொந்தக்காரர்கள் குடியிருந்த தெரு அது. நம் முன்னோர் வேலைக்கு வந்த கோப்பித் தோட்டம் வருமுன்னே கண்டி அரண்மனையில் தமிழ் புழங்கியது. நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பழம், ஏலக்காய், கறுவா எல்லாம் கடைசியில் மத்திய சந்தையில். ஸ்டேஷன் கிட்ட என்பதால் பாரம் சுமந்து அலைய வேண்டாம். மேல்மாடியிலும் துணிக்கடைகள் உண்டு, அங்கே தாராளமாகப் பேரம் பேசலாம்.

ஆடி, ஆவணியில் தலதா மாளிகை ஊர்வலமான பெரஹரா நடக்கும் நாட்களென்றால் மத்தியானத்துக்குள் முடித்து வண்டியேறுங்கள். பின்னேரம் வீதிகளை மறித்துவிடுவார்கள்.